தீ, தண்ணீர், பாய்

1

புன்னக்காயலில் பிறந்த ஆம்பளைப் பிள்ளை கடலுக்குப் போகவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். படிக்கிறான் என்பார்கள், கப்பலில் வேலை என்பார்கள். என் மாமா கடலுக்குப் போகாததற்கான காரணத்தை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வெளியே சொன்னதில்லை. அவருக்கு வலிப்பு வரும்.

நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவும் பாட்டியும் சொன்னவை. பத்து வயசில் முதல் தடவை வந்ததாம். அன்றிலிருந்து வீடே அவருக்குக் காவல். வள்ளத்தில் ஏறக்கூடாது, ஆற்றில் தனியாகக் குளிக்கக்கூடாது, கிணற்றடியில் நிற்கக்கூடாது, அடுப்பங்கரைக்கு வரவே கூடாது. அவர் வயசுப் பையன்கள் எல்லாம் விடியற்காலையில் வலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அவர் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பார். "தண்ணிக்கும் தீக்கும் நான் அவனைக் குடுக்கவே இல்லல" என்று பாட்டி சொல்லுவாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

இருபத்திரண்டு வயசில், ஒரு காலையில், பின்கட்டு அறையில் பாயில் குப்புறக் கிடந்தார். தலையணையில் முகம் புதைந்திருந்தது. நாக்கில் கடிபட்ட காயம். ராத்திரி யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. பார்க்க வந்த வைத்தியர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலமே அடக்கம். உடலைப் பரிசோதிக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது.

பாட்டி சாகும்வரைக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணியில போகல, தீயில போகல. பாயில படுத்தவன் எப்படிப் போனான்?"

அந்தக் கேள்விக்கு மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. அந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஏன் அது எங்கள் வீடுவரைக்கும் வந்து சேரவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

2

புன்னக்காயல் தாமிரபரணி கடலில் சேரும் இடம். கொற்கை, பழைய காயல், புன்னக்காயல் என்று ஆறு மண்ணைத் தள்ளத் தள்ள துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டு வந்ததன் கடைசி நிறுத்தம் என்று சொல்லலாம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதிய காயல் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் மொத்தமாகக் கத்தோலிக்கரானார்கள். அதற்குப் பிறகு போர்ச்சுகீசியர்களின் வரைபடங்களிலும் கடிதங்களிலும் புன்னக்காயல் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த ஊர்ப் பெயர் இன்று இலக்கிய வாசகர்களுக்குத் தெரிவது அன்றிக் அடிகளாரால். போர்ச்சுகலில் 1520-ல் பிறந்த அன்றிக் அன்றிக்கஸ் 1540-களில் இந்தக் கரைக்கு வந்து, தமிழ் கற்று, 1600-ல் சாகும்வரை ஏறத்தாழ இங்கேயே இருந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் பெயர்த்தது. 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' புன்னக்காயலிலேயே அச்சானதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அச்சைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர் காலத்தில் இதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியும் நடந்தது என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. தமிழ்க் கரையில் ஐரோப்பிய வழக்கப்படி நடந்த முதல் ஆஸ்பத்திரிகளில் அது ஒன்று.

16-ம் நூற்றாண்டில் அந்த ஆஸ்பத்திரிக்கு என் மாமாவைப் போல ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? இதை யோசித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் வலிப்புக்கு மருந்து கிடையாது. அங்கேயும் புனிதர்களிடம்தான் வேண்டிக்கொண்டார்கள். இன்று காதலர்களுக்குச் சொந்தமாகிவிட்ட புனித வாலண்டைன் அன்றைக்கு ஜெர்மானிய ஊர்களில் வலிப்புக்காரர்களின் பாதுகாவலர். வந்த பாதிரியாருக்கும் இங்கிருந்த பூசாரிக்கும் இந்த நோயைப் பொறுத்தவரை அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர்கள் கையில் இருந்த பைபிளில் ஒரு அப்பா வருகிறார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே அந்தக் கதையைச் சொல்கிறார்கள். தன் மகன் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்று அந்த அப்பா அழுகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பையனைச் சந்திரரோகி என்கிறது. நிலாவால் வருகிற நோய் என்று கிரேக்கர்கள் நம்பியதன் மிச்சம் அந்தச் சொல். மாற்கு மட்டும் இன்னொன்றையும் கவனித்து எழுதியிருக்கிறார். வலிப்பு அடங்கிய பிறகு பையன் அசைவில்லாமல் கிடக்கிறான். சுற்றி நின்றவர்களில் பலர் செத்துவிட்டான் என்கிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்குகிறார்.

சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இந்த வாசகத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பாட்டிக்குத் தீயும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறது. அடுப்பும் கடலும் உள்ள ஊரில் அந்த அப்பாவின் பயம் அப்படியே பொருந்திவிட்டது. ஆனால் அந்தக் கதையில் ஆபத்தான இடம், எல்லாம் முடிந்துவிட்டது என்று கூட்டம் நினைக்கிற அந்த அசைவற்ற சில நிமிஷம். அது பாட்டி காதில் விழவில்லை. பாட்டி காதில் மட்டுமில்லை, மருத்துவத்தின் காதிலும் ரொம்ப காலம் விழவில்லை.

3

ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் வேறொரு கதை கிடைக்கும். நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை இருக்கிறது. சிவன் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று. அதே ஆற்றின் கரையில் செப்பறை. நடராசர் எங்கே ஆடினாலும் காலடியில் ஒரு குள்ள உருவம் கிடக்கும். தமிழில் அவன் பெயர் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன். அபஸ்மாரம் என்றால் நினைவு அகன்றுபோவது. ஆயுர்வேத நூல்களில் வலிப்பு நோய்க்கும் அதுதான் பெயர். தமிழிலும் முயலகன் என்பது அசுரனின் பெயர், நோயின் பெயரும் அதுவே.

சேக்கிழார் 12-ம் நூற்றாண்டில் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. மழநாட்டுக் கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் நோய். அப்பா வேறு வழியில்லாமல் அவளைத் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். திருச்சிக்குப் பக்கத்தில் இப்போது திருவாசி என்கிறோமே, அந்த ஊர். அங்கே வந்த சம்பந்தர் பதிகம் பாட, பெண் எழுந்து நிற்கிறாள். அந்தக் கோயிலில் நடராசர் காலடியில் முயலகனுக்குப் பதில் பாம்பு இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது முயலகன் சாவதில்லை என்பதுதான். மற்ற அசுரர்களை எல்லாம் கொன்று தீர்க்கும் சிவன் இவனைக் கொல்வதில்லை. மிதித்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான். காலை எடுத்தால் எழுந்துவிடுவான். தினமும் ராத்திரி வலிப்பு மாத்திரை போடுகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், இதைவிடச் சரியாக அந்த மாத்திரையை விளக்க முடியாது என்பார்கள். பெரும்பாலான வலிப்பு மருந்துகள் நோயை வேரோடு எடுப்பதில்லை. அழுத்தி வைத்திருக்கின்றன. நாம் நிறுத்தினால் அது எழும்.

கிரேக்கத்தில் இதைச் 'புனித நோய்' என்றார்கள். ஏறத்தாழ கி.மு. 400 வாக்கில் ஹிப்பாக்ரடீஸ் மரபில் வந்த ஒரு நூல், இதில் மற்ற நோய்களைவிடப் புனிதம் ஒன்றும் இல்லை, காரணம் மூளையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. சொல்லி 2,400 வருஷம் ஆகிறது. என் மாமாவுக்கு வலிப்பு வந்தபோதெல்லாம் கையில் இரும்புச் சாவியைத் திணித்திருக்கிறார்கள். நம் சினிமாவில் இன்னும் திணித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாவியால் ஒன்றும் ஆகாது. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அடங்கும். அடங்கும்போது கையில் சாவி இருந்ததால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது.

சாமியோ பேயோ, இரண்டு பக்கமும் பார்த்தது கண்ணுக்குத் தெரிகிற ஆட்டத்தை மட்டும்தான். உடம்பு துள்ளுகிறது, வாயில் நுரை தள்ளுகிறது. அது அடங்கினால் நல்லது நடந்துவிட்டது என்று அர்த்தம். அடங்கிய பிறகு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எந்தச் சடங்கிலும் இல்லை.

4

தூக்கத்தில் வரும் இந்தச் சாவை மருத்துவர்கள் முதலில் கவனித்தது மனநல விடுதிகளில். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வலிப்புக்காரர்கள் பலரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். ராத்திரி காவலர்கள் சுற்றிவரும்போது சிலர் கட்டிலில் குப்புறச் செத்துக் கிடப்பார்கள். 1868-ல் மெக்கன்சி பேகன் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் வலிப்பு நோயாளிகள் எப்படியெல்லாம் சாகிறார்கள் என்று எழுதினார். வலிப்பிலேயே திடீரென்று வரும் சாவும் அதில் இருந்தது. 1904-ல் அமெரிக்காவில் ஸ்ப்ராட்லிங் என்ற மருத்துவர், எந்த விபத்தும் இல்லாமல், ஒரே ஒரு சின்ன வலிப்பில், முன்னறிவிப்பில்லாமல் உயிரைப் பறிக்கும் நோய் இது என்று எழுதிவைத்தார்.

ஆக, தெரிந்திருக்கிறது. பிறகு எப்படி மறந்தது?

மறந்ததற்குக் காரணம் ஒரு நல்ல செய்தி. 1857-ல் லண்டனில் புரோமைடு வந்தது. 1912-ல் ஜெர்மனியில் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், வார்டில் நோயாளிகள் ராத்திரி தூங்குவதற்காக ஒரு தூக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தூக்கத்தோடு சேர்த்து வலிப்பும் குறைந்தது. அதுதான் பினோபார்பிடால். நம் ஊர் மருந்துக் கடையில் கார்டினால் என்று கேட்டால் தருவார்களே, அதுவே. 1938-ல் பினிடாயின் வந்தது, நமக்கு எப்டாயின். மாத்திரை போட்டால் மற்றவர்களைப் போல வாழலாம் என்று மருத்துவர்கள் நோயாளிகளுக்குத் தைரியம் சொல்லத் தொடங்கினார்கள். அது பெரிய அளவில் உண்மையும்கூட. அந்தத் தைரியத்துக்கு நடுவில் இந்தச் சாவைப் பற்றிப் பேச இடம் இல்லாமல் போய்விட்டது. வலிப்பால் யாரும் சாவதில்லை என்று சொல்லிச் சொல்லி அதுவே பாடமாகிவிட்டது.

1919 ஜனவரி 18 அன்று பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் கடைசி மகன் ஜான், 13 வயசில், வலிப்புக்குப் பிறகு தூக்கத்தில் இறந்தான். நோய் காரணமாக அவனைக் குடும்பத்திலிருந்து தள்ளி ஒரு பண்ணைவீட்டில் வைத்திருந்தார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 2019 ஜூலையில், டிஸ்னி படங்களில் நடித்த கேமரூன் பாய்ஸ் 20 வயசில் தூக்கத்தில் இறந்தார். குடும்பம் காரணத்தை மறைக்கவில்லை. உலகத்தில் பல பேர் 'சூடெப்' என்ற சொல்லைக் கேட்டது அப்போதுதான். நீளமாகச் சொன்னால், வலிப்பு நோய் உள்ளவருக்கு எதிர்பாராமல் வரும் திடீர் மரணம்.

இந்த நூறு வருஷத்துக்குள் என்ன நடந்தது? 1970-களில் பிரேதப் பரிசோதனை செய்பவர்கள் சிலர், வலிப்பு இருந்தவர்களின் உடலில் சாவுக்கு வேறெந்தக் காரணமும் கிடைக்காததைத் திரும்பக் கவனித்து எழுதினார்கள். 1995-ல் பிரிட்டனில், பிள்ளையையும் துணையையும் இப்படி இழந்த சிலர் ஒன்றுகூடி ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். எங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி. 1997-ல் இந்த மரணத்துக்கு எல்லோரும் ஏற்கும் ஒரு வரையறை வந்தது. 2002-ல் பிரிட்டனில் வலிப்பு மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த தேசியத் தணிக்கை, ஏறத்தாழ 40 விழுக்காடு சாவுகளைத் தவிர்த்திருக்க வாய்ப்பு உண்டு என்று சொன்னது. மருத்துவம் தானாக நினைவுபடுத்திக்கொள்ளவில்லை. அம்மா அப்பாக்கள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

5

அந்த ராத்திரியில் என்னதான் நடக்கிறது? 2013-ல் வந்த ஒரு ஆய்வு இதைக் கிட்டத்தட்டக் கண்ணால் பார்த்துச் சொன்னது. வலிப்பு நோயாளிகளை மூளை அலைக் கருவியோடும் வீடியோவோடும் சில நாட்கள் கண்காணிக்கும் வார்டுகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. பல நாடுகளில் இப்படிப்பட்ட 147 வார்டுகளின் பதிவுகளை ஃபிலிப் ரிவ்லான் என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு தேடியது. 16 பேர் இப்படிச் செத்திருந்தார்கள். அதில் 14 ராத்திரியில்.

பதிவுகளில் ஒரே மாதிரி வரிசை தெரிந்தது. முதலில் உடம்பு முழுக்க வெட்டும் பெரிய வலிப்பு. அது முடிகிறது. கொஞ்ச நேரம் மூச்சு வேகமாக வாங்குகிறது. பிறகு மூளையின் அலைகள் தட்டையாகின்றன, மூச்சு தடுமாறி நிற்கிறது, அதன் பிறகே இதயம் நிற்கிறது. இந்தச் சரிவு பெரும்பாலும் வலிப்பு முடிந்த முதல் மூன்று நிமிஷத்துக்குள் தொடங்குகிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குப்புறக் கிடந்தார்கள். சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தவர்களும் அந்தப் பதிவுகளில் உண்டு. அவர்களுக்கு உதவி சீக்கிரம் வந்திருந்தது.

சாதாரணமாகத் தூங்கும்போது முகம் தலையணையில் புதைந்தால் மூச்சு முட்டும், உடனே தலையைத் திருப்பிக்கொள்வோம். தூக்கத்திலும் மூளைத்தண்டு அந்தக் காவல் வேலையைப் பார்க்கிறது. பெரிய வலிப்புக்குப் பிறகு அந்தக் காவல்காரனே மயங்கிக் கிடக்கிறான். அந்த மூன்று நிமிஷத்துக்கு வேறு யாராவது காவல் இருக்க வேண்டும். ஆளைப் பக்கவாட்டில் திருப்பி, தொட்டு, உலுக்கி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மாற்கு எழுதிய கதையில் கையைப் பிடித்துத் தூக்கிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதை அற்புதமாகப் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. கை நீட்ட ஒரு ஆள் அங்கே இருந்தது மட்டும் உறுதி.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பயப்படுத்த அல்ல, அளவு தெரிய. வலிப்பு உள்ள பெரியவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி நடக்கிறது என்று 2017-ல் வந்த அமெரிக்க நரம்பியல் வழிகாட்டுதல் கணக்கிட்டது. அதாவது 999 பேருக்கு அந்த வருஷம் நடப்பதில்லை. ஆனால் இந்த அபாயம் எல்லோருக்கும் சமமாக இல்லை. ஸ்வீடனில் நாடு முழுவதும் எடுத்து 2020-ல் வெளியான ஆய்வில், கடந்த ஒரு வருஷத்தில் உடம்பு முழுக்க வெட்டும் வலிப்பு வந்தவர்களுக்கு அபாயம் 27 மடங்கு. அப்படி வலிப்பு வந்து, அறையில் வேறு யாரும் இல்லாமல் தூங்குபவர்களுக்கு 67 மடங்கு.

இந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டேன். எனக்குப் பின்கட்டு அறை ஞாபகம் வந்தது.

6

எங்கள் பாட்டி வீடு சின்ன வீடு. கூடத்தில் எட்டுப் பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பார்கள். யார் புரண்டாலும் பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் மாமாவுக்கு மட்டும் எப்படித் தனி அறை கிடைத்தது என்று அம்மாவிடம் போன வருஷம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள்.

"நுரை பட்டா மத்த பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கும்னு யாரோ சொல்லிட்டாங்க. பெரியக்காவைப் பொண்ணு பாக்க வர்ற நேரம் வேற. ராத்திரி யாராவது தங்குனா, அவன் சத்தம் கேட்டா, கல்யாணம் நின்னு போகும்ல. அதான் பின்னாடி படுக்கப் போட்டோம்."

தனி அறை தண்டனையாகக் கொடுக்கப்பட்டதல்ல. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காகக் கொடுக்கப்பட்டது. இந்தப் பயம் எங்கள் வீட்டின் கற்பனையும் அல்ல. 1976-ல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரைத் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர்களின் பட்டியலில், மனநோயோடு சேர்த்து வைத்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. மருத்துவர்களும் நோயாளி அமைப்புகளும் போராடிய பிறகு 1999-ல்தான் வலிப்பு என்ற சொல் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. இந்து திருமணச் சட்டம் எங்கள் கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு நாட்டின் சட்டமே ஒளித்துவைக்கச் சொல்லும் நோயைப் புன்னக்காயலில் ஒரு குடும்பம் திறந்தா வைத்திருக்கும்?

வலிப்பு ஒட்டாது. நுரை வெறும் எச்சில்தான். இதைச் சொல்ல அன்றைக்கு ஒருவர் இருந்திருந்தால் மாமாவின் பாய் கூடத்தில் இருந்திருக்கும். இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அவர் இறந்தது இதனால்தானா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. பிரேதப் பரிசோதனை இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஆள் இருந்தும் இறந்தவர்கள் உண்டு. அம்மாவிடமும் இதைச் சொன்னேன். குற்ற உணர்ச்சியைக் கொடுப்பதற்காக இதையெல்லாம் தோண்டவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் மூடநம்பிக்கையைப் பேயோட்டும் இடங்களில் மட்டும் தேடுகிறோம். அது பல வீடுகளில் ஒரு தனிப் பாயாக, சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது.

மருத்துவத்திலும் நம்மிடம் பெருமைப்படும்படியான வரலாறு இருக்கிறது. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-ல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கி, 1952-ல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்தார். சென்னையில் பி. ராமமூர்த்தி அரசுப் பொது மருத்துவமனையில் அந்தத் துறையை வளர்த்தார். கர்நாடகத்தின் எளந்தூரில் கே.எஸ். மணியின் குழு, பினோபார்பிடால், பினிடாயின் போன்ற மலிவான மாத்திரைகளை வைத்தே கிராமத்து நோயாளிகளில் பலரின் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டி 2001-ல் 'லான்செட்' இதழில் எழுதியது. சரியான மருந்து கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காடு வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடெப்பைத் தடுக்க இன்றுவரை தெரிந்த மிகப் பெரிய வழியும் அதுதான். பெரிய வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வது.

ஆனால் மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது, இதை ஏன் ஒரு ராத்திரிகூட விடக்கூடாது என்பதற்கான உண்மையான காரணத்தைச் சொல்லும் வழக்கம் இன்னும் பரவவில்லை. பயந்துவிடுவார்கள் என்ற அக்கறையில்தான் சொல்லாமல் விடுகிறார்கள். ஏற்கெனவே பயந்துபோய் வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. ஏனென்றால் நானும் தயங்கினேன்.

7

என் சித்தி மகள் சென்னையில் படிக்கிறாள். ஹாஸ்டலில் தனி அறை. இரண்டு வருஷமாக அவளுக்கு வலிப்பு இருக்கிறது. மாமாவுக்கு வந்ததால் இவளுக்கு வந்தது என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. வலிப்புக்குக் காரணங்கள் ஏராளம், பரம்பரை அதில் ஒன்றுதான். அவளைப் பார்க்கும் மருத்துவர் நல்லவர்தான். இதைப் பற்றி மட்டும் அவரும் பேசியதில்லை.

பரீட்சை நேரத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பாள். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது என்று இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்ததை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். சொன்னால் ராத்திரி தூங்கவே பயப்படுவாள். சொல்லாவிட்டால் நானும் அவளுக்கு ஒரு பின்கட்டு அறையைக் கட்டிக் கொடுத்தவன் ஆவேன். கடைசியில் போன் பண்ணினேன்.

முழுசாகக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"இது என் உடம்பு அண்ணே. எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

பிரிட்டனில் 1995-ல் கேட்ட அதே கேள்வி.

அப்புறம் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாத்திரையை நேரம் தவறாமல் போடணும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. தூக்கம் வருகிறது என்றால் அதை அவரிடம் சொல், வேறு மருந்து இருக்கிறது. இரண்டு மருந்துக்கு அப்புறமும் வலிப்பு நிற்காவிட்டால் வலிப்பு நோய்க்கென்றே இருக்கும் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேள். தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள். மல்லாந்தோ பக்கவாட்டிலோ படுத்துப் பழகு. முடிந்தால் அறையில் ஒரு தோழி இருக்கட்டும். அவளுக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடு. வலிப்பு வரும்போது வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையைக் காலைப் பிடித்து அழுத்த வேண்டாம், மணியைப் பார்க்கணும். அடங்கினதும் பக்கவாட்டில் திருப்பி, மூச்சு வருகிறதா என்று பார்த்து, நீ கண் திறந்து பேசும்வரை பக்கத்திலேயே இருக்கணும். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ 108. மூச்சே இல்லை என்றால், நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கணும். அதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

"ரூம்மேட் கிட்ட சொன்னா ஹாஸ்டல் பூரா தெரிஞ்சிடும்" என்றாள்.

"தெரியட்டும்" என்றேன். சொல்வது எனக்குச் சுலபம். ஹாஸ்டலில் இருக்கப்போவது அவள்.

இரண்டு நாள் அவளிடமிருந்து சத்தம் இல்லை. மூன்றாம் நாள் ஒரு போட்டோ அனுப்பினாள். அறை மாற்றிக்கொண்டுவிட்டாள். இரண்டு இரும்புக் கட்டில், நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடம்கூட இல்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் வாடிப்பட்டிக்காரியாம், அவள் அண்ணனுக்கும் வலிப்பு இருக்கிறதாம், இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

அந்தப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"ரெண்டு கட்டிலும் ஒட்டித்தானே கிடக்கு?"